கார்டீலியா பிழைத்திருந்த 157 ஆண்டுகள்

1606ஆம் ஆண்டு டிசம்பர் 26, இரவு. லண்டன் வைட்ஹால் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நடக்கிறது. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், முதல் இரத்தசாட்சி ஸ்தேவானின் திருநாள். நாடகம் முடியப்போகும் நேரம். சிறையில் இருக்கும் இளவரசியைக் கொல்ல ஆணை போயிருக்கிறது என்று தெரிந்ததும், “தேவர்கள் அவளைக் காக்கட்டும்!” என்று ஆல்பனி பிரபு வேண்டுகிறான். சாகக்கிடக்கும் குற்றவாளியை வெளியே தூக்கிப்போகச் சொல்கிறான். அவ்வளவுதான் இடைவெளி. கிழட்டு அரசன் லியர் தன் இளைய மகள் கார்டீலியாவின் உடலைக் கைகளில் ஏந்தியபடி கதறிக்கொண்டு வருகிறான்.

75 ஆண்டுகள் கழித்து, 1681இல், நேஹம் டேட் என்ற கவிஞர் இந்த முடிவை மாற்றினார். அவருடைய நாடகத்தில் கார்டீலியா சாகவில்லை. லியரும் சாகவில்லை. கெட்டவர்கள் அழிகிறார்கள், நல்லவளுக்குக் கல்யாணம் நடக்கிறது, முடி சூட்டப்படுகிறது. 1838 ஜனவரி வரை, நடுவில் ஒரு சில இரவுகள் தவிர, லண்டன் மேடையில் மக்கள் பார்த்த லியர் இப்படித்தான் முடிந்தான்.

157 ஆண்டுகள். ஆறேழு தலைமுறை பார்வையாளர்கள். துன்பக் கதைக்கு முன்னால் இறைநம்பிக்கை உள்ள மனம் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நீண்ட, இதைவிடப் பகிரங்கமாக நடந்த ஒரு சோதனை எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். டேட்டைப் பழிப்பது என் நோக்கமில்லை. அவர் முடிவை மாற்றியபோது எதைக் காப்பாற்ற நினைத்தார், எது போய்விட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் காட்சியின் கணக்கு

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எண்பது வயதைக் கடந்த லியர், நாட்டை மூன்று மகள்களுக்கும் பிரித்துக் கொடுக்க நினைக்கிறான். கொடுப்பதற்கு முன் ஒரு நிபந்தனை: என்னை யார் எவ்வளவு நேசிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அதற்கேற்பப் பங்கு. மூத்தவள் கானெரில் வாய் நிறையப் பேசுகிறாள், பங்கு கிடைக்கிறது. இரண்டாமவள் ரீகன் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பேசுகிறாள், அவளுக்கும் கிடைக்கிறது. இளையவளின் முறை. அக்காமார்களுக்குக் கொடுத்ததைவிட வளமான பங்கு அவளுக்காகக் காத்திருக்கிறது. என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்கிறான். “ஒன்றுமில்லை” என்கிறாள் கார்டீலியா. ஒன்றுமில்லையிலிருந்து ஒன்றும் வராது, மறுபடி பேசு என்று மிரட்டுகிறான் லியர். அவள் பேசவில்லை. சீதனம் இல்லாமல் துரத்தப்படுகிறாள். பிரான்ஸ் மன்னன் அவளை வெறுங்கையோடு ஏற்றுக்கொள்கிறான்.

அன்பை எடைபோட்டு விலை கொடுத்ததுதான் லியரின் குற்றம். அந்தப் பழக்கம் அவனை லேசில் விடவில்லை. தனக்கென்று 100 வீரர்களை வைத்துக்கொண்டு மாதம் ஒரு மகள் வீட்டில் தங்குவது அவன் ஏற்பாடு. கானெரில் அதை 50 ஆகக் குறைக்கிறாள். கோபித்துக்கொண்டு ரீகனிடம் போனால் அவள் 25 போதும் என்கிறாள். உடனே கிழவன் கானெரிலைப் பார்த்துச் சொல்கிறான்: உன்னிடமே வருகிறேன், உன் ஐம்பது இவளுடைய இருபத்தைந்தைப்போல இருமடங்கு, அப்படியானால் உன் அன்பும் இருமடங்கு. இவ்வளவு அடிபட்ட பிறகும் மனிதன் அன்பை எண்ணிக்கொண்டிருக்கிறான். அப்புறம் பத்து, ஐந்து, ஒருவன்தான் எதற்கு என்று கணக்கு பூஜ்யத்துக்கு வந்து நிற்கிறது. புயல் இரவில் கதவு சாத்தப்படுகிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது இளிவு. நெருங்கியவரை இழப்பது இழவு. முன்பிருந்த நிலை கெட்டு வேறொன்றாகிப் போவது அசைவு. இல்லாமை வறுமை. லியரை இந்த நான்கையும் வைத்துப் படித்தால் நாடகத்தின் எலும்புக்கூடே தெரிகிறது. மகள்கள் வீட்டில் இளிவு. அரசன் என்ற நிலை உதிர்ந்து புத்தி பேதலிப்பது அசைவு. புயலில் கூரையில்லாத வறுமை. இந்த மூன்றையும் தாண்டி வந்த பிறகு, எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிற இடத்தில், இழவு. டேட் முதல் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டார். நான்காவதை மட்டும் நீக்கினார்.

ஷேக்ஸ்பியரும் மாற்றித்தான் எழுதினார்

டேட்டுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் இதைச் சொல்லியாக வேண்டும். அவர் கொடுத்த இன்ப முடிவு, ஒரு வகையில், பழைய கதையின் முடிவு. 1136 வாக்கில் மான்மத் என்ற ஊரைச் சேர்ந்த ஜெஃப்ரி எழுதிய பிரிட்டன் மன்னர்களின் வரலாற்றில், லியர் இளைய மகளின் உதவியால் அரியணையை மீட்டுக்கொள்கிறான். அவன் இறந்த பிறகு அவள் ஆள்கிறாள். பல ஆண்டுகள் கழித்து அக்காமார்களின் பிள்ளைகள் அவளைச் சிறைப்பிடிக்க, அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். அது கதையின் பின்குறிப்பு போன்றது. அந்தப் பகுதியைத் தொடாமல், எழுதியவர் பெயரில்லாத ஒரு நாடகம் 1594இலேயே லண்டனில் நடந்தது, 1605இல் அச்சிலும் வந்தது. அதில் லியர் கிறிஸ்தவ உள்ளத்தோடு பேசுகிறவன். துன்பப்படுகிறான், பொறுத்துக்கொள்கிறான், அரசு திரும்பக் கிடைக்கிறது. நம்பியவனுக்குப் பலன் உண்டு.

அடுத்த ஆண்டே அரண்மனையில் ஷேக்ஸ்பியரின் நாடகம். பழைய கதை தெரிந்தவர்கள் கார்டீலியா படையோடு வந்து இறங்கியதும் இனிக் கவலையில்லை என்றுதான் இருந்திருப்பார்கள். அவர்களுடைய காலடியிலிருந்து தரையை உருவியவர் ஷேக்ஸ்பியர். களத்தையும் அவர் கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தில் வைத்தார். 1606 மே மாதம் வந்த ஒரு சட்டம், மேடையில் கடவுளின் பெயரையோ கிறிஸ்துவின் பெயரையோ விளையாட்டாகவோ அவமதிப்பாகவோ சொன்னால் 10 பவுண்டு தண்டம் என்றது. ஆனால் இந்த நாடகத்தில் ‘தேவர்கள்’ வருகிற விதத்தைத் தண்டத்துக்குப் பயந்த சொல்மாற்றம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு பாத்திரமும் தேவர்களைப் பற்றி ஒன்று சொல்கிறது, ஒன்று இன்னொன்றோடு ஒத்துப்போவதில்லை. கண் பிடுங்கப்பட்ட குளோஸ்டர் பிரபு, குறும்புப் பையன்களுக்கு ஈக்கள் எப்படியோ அப்படித்தான் தேவர்களுக்கு நாம், விளையாட்டுக்குக் கொல்கிறார்கள் என்கிறார். அவருடைய மகன் எட்கரோ, தேவர்கள் நீதியுள்ளவர்கள், அப்பா செய்த தவறான உறவு அவருடைய கண்களை விலையாக வாங்கிக்கொண்டது என்கிறான். பெற்ற தகப்பனைப் பற்றி! அந்த வரியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

டேட் செய்தது

நேஹம் டேட் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர். பின்னாளில் அரசவைக் கவிஞர் ஆனார். 1696இல் நிக்கலஸ் பிராடியோடு சேர்ந்து சங்கீதப் புத்தகத்தைத் தேவாலயங்களில் பாடும்படி செய்யுளாக்கினார். தாவீதின் கதறல்களை வரி வரியாக ஆங்கிலப் பாட்டாக்கிய கை அது. துன்பம் தெரியாதவர், விசுவாசம் தெரியாதவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது.

அவர் காலமும் வேறு. அரசன் முதலாம் சார்ல்ஸின் தலை 1649இல் வெட்டப்பட்டது. 1660இல் மகன் இரண்டாம் சார்ல்ஸ் அரியணைக்குத் திரும்பினார். 1681இல் அடுத்து யார் ஆள்வது என்ற சண்டையில் நாடே பிளந்து கிடந்தது. அந்த நேரத்தில், துரத்தப்பட்ட அரசன் மீண்டும் அமர்த்தப்படும் காட்சி வெறும் கதையாக இருந்திருக்காது.

லியரின் நாடகத்தை டேட் கோக்கப்படாத, பட்டை தீட்டப்படாத மணிக்குவியல் என்று பார்த்தார். லியரோடு வரும் அரசவைக் கோமாளியை நீக்கினார். பிரான்ஸ் மன்னனை நீக்கினார். கார்டீலியாவுக்கும் எட்கருக்கும் காதல் வைத்தார். கடைசியில், சிறையில் கார்டீலியாவின் மடியில் தலைவைத்துத் தூங்கும் லியர், கொலைகாரர்கள் வந்ததும் ஆயுதத்தைப் பிடுங்கி இரண்டு பேரை வீழ்த்துகிறான். அதற்குள் எட்கரும் ஆல்பனியும் வந்துவிடுகிறார்கள். அரசு லியருக்குத் திரும்புகிறது, லியர் அதை மகளுக்குக் கொடுக்கிறான். கார்டீலியா சொல்கிறாள்: “அப்படியானால் தேவர்கள் இருக்கிறார்கள், அறம் அவர்கள் பொறுப்பு.” குளோஸ்டரும் பிழைத்திருக்கிறார். லியர், குளோஸ்டர், லியருக்கு விசுவாசமான கென்ட் பிரபு என்று கிழவர்கள் மூவரும் அமைதியாக ஒதுங்கி வாழப் போகிறார்கள். உண்மையும் அறமும் கடைசியில் வெல்லும் என்று எட்கர் திரையை இறக்குகிறான்.

இதன் பின்னால் ஒரு கொள்கையும் இருந்தது. தாமஸ் ரைமர் என்ற விமர்சகர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ‘கவிதை நீதி’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். உலகத்தில் நீதி தாமதமாகலாம், மறைந்திருக்கலாம், ஆனால் கவிஞன் படைத்த சிறு உலகத்தில் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் பார்ப்பவனுக்கு இறைவனின் நீதிமேல் ஐயம் வந்துவிடும் என்பது அந்த வாதம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு ஓர் இடம். முதல் காட்சியில் கார்டீலியா ஏன் ‘ஒன்றுமில்லை’ என்றாள் என்பதற்கு டேட் ஒரு காரணம் கொடுத்தார். எட்கரை அவள் காதலிக்கிறாள், அப்பா பார்த்திருக்கும் மாப்பிள்ளையைத் தவிர்க்க வேண்டும், அதனால் வேண்டுமென்றே ஆறிப்போன பதில் சொல்கிறாள். காரண காரியம் பொருந்துகிறதல்லவா? பொருந்துகிறது. ஆனால் லாபம் பார்க்காமல் வாய் மூடி நின்ற அந்த ஒரே பெண்ணும் இப்போது கணக்குப் பார்க்கிறவளாகிவிட்டாள். கடைசியில் அவளுக்கு என்ன கிடைக்கிறது? முதல் காட்சியில் இழந்த சீதனம், வட்டியோடு. லியர் ஆரம்பித்து வைத்த பேரம், இத்தனை கண்ணீருக்குப் பிறகு, வெற்றிகரமாக முடிகிறது. அன்புக்கு ஏற்ற பங்கு என்று அன்று லியர் சொன்னது தவறில்லை, ஆளை மாற்றிக் கொடுத்ததுதான் தவறு என்று ஆகிறது. டேட்டின் முடிவில் என்னை உறுத்துவது அதன் இனிப்பு இல்லை. லியர் செய்த அதே பிழையை நாடகமே திருப்பிச் செய்கிறது, இந்த முறை தேவர்களின் பெயரால்.

ஜான்சனின் காயம்

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1711 ஏப்ரலில் கட்டுரையாளர் ஜோசப் அடிசன், மாற்றப்பட்ட லியர் தன் அழகில் பாதியை இழந்துவிட்டது என்று எழுதினார். இந்த உலகத்தில் நன்மையும் தீமையும் எல்லோருக்கும் வருகின்றன, மேடையில் மட்டும் ஏன் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அடிசனும் பக்திப் பாடல்கள் எழுதியவர். ஆக, இதைப் பக்தர்களுக்கும் பக்தியில்லாதவர்களுக்கும் நடந்த சண்டை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் இந்த வழக்கின் மையத்தில் நிற்கிறவர் சாமுவேல் ஜான்சன். அகராதி தொகுத்தவர், ஆழ்ந்த கிறிஸ்தவர், தன் பிரார்த்தனைகளை எழுதி வைத்தவர். 1765இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்தபோது லியருக்கு எழுதிய குறிப்பில் அவர் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். கெட்டவர்கள் செழித்து நல்லவர்கள் வீழும் நாடகம் நல்ல நாடகமாக இருக்கலாம், வாழ்க்கையில் அப்படித்தானே நடக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் மனிதர்கள் நீதியை இயல்பாகவே விரும்புகிறவர்கள், நீதி இருப்பதால் ஒரு நாடகம் கெட்டுப்போகும் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார். அப்புறம் வாதத்தை விட்டுவிட்டுத் தன்னைப் பற்றிச் சொல்கிறார். பல ஆண்டுகளுக்கு முன் கார்டீலியாவின் சாவைப் படித்து அதிர்ந்து போனாராம். பதிப்பாசிரியராகத் திருத்தும் கட்டாயம் வரும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளை மறுபடி படிக்கத் தன்னால் முடிந்ததா என்றே தெரியவில்லை என்கிறார்.

இதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஷேக்ஸ்பியரின் முடிவை அவ்வளவு முழுமையாக வாங்கிக்கொண்ட வாசகர்கள் குறைவு. துன்பியலை ரசித்தேன் என்று லேசாகச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவரைவிட, புத்தகத்தை மூடிவிட்டுப் பல ஆண்டுகள் திறக்க முடியாமல் இருந்தவர் அந்தச் சாவுக்கு உரிய மரியாதையைக் கொடுத்திருக்கிறார். ஜான்சன் தவறியது ஒரே இடத்தில் என்று நினைக்கிறேன். தனக்கு வலித்ததை நாடகத்தின் குறையாக எண்ணினார்.

1904இல் ஏ.சி. பிராட்லி என்ற அறிஞரும் இதே புண்ணைத் தொட்டுப் பார்த்தார். லியரும் கார்டீலியாவும் பிழைத்திருக்கக்கூடாதா என்று தன் உணர்ச்சி கேட்பதை அவர் மறைக்கவில்லை. கார்டீலியா உயிரோடிருக்கிறாள் என்று நம்பி, தாங்க முடியாத மகிழ்ச்சியில் லியர் சாகிறான் என்பது அவருடைய வாசிப்பு. நாடகத்துக்கு ‘லியர் அரசனின் மீட்பு’ என்றே பெயர் வைக்கலாம் என்றும் சொன்னார். அதுவும் ஒரு மென்மையான டேட்தான். முடிவை மாற்றவில்லை, முடிவுக்குள் ஒரு ஜன்னல் திறந்தார். அதற்கு நாடகத்தில் ஆதாரமும் கொஞ்சம் உண்டு: 1623 பதிப்பில் லியர், அவள் உதடுகளைப் பாருங்கள், அங்கே பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே சாகிறான். 1608 பதிப்பில் அந்த வரி இல்லை. அங்கே அவன் தன் இதயத்தை உடையச் சொல்லிக் கெஞ்சுகிறான்.

யோபுவின் ஆடுகள்

முடிவு மாற்றப்பட்ட துன்பக் கதை என்றதும் விவிலியத்தின் யோபு நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. யோபு எல்லாவற்றையும் இழக்கிறார், கடைசியில் எல்லாம் இருமடங்காகத் திரும்புகிறது. 7000 ஆடுகள் இருந்த இடத்தில் 14000. 3000 ஒட்டகங்கள் இருந்த இடத்தில் 6000. ஆனால் பிள்ளைகள் மட்டும் இருமடங்காகவில்லை. முன்பும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள். பின்பும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள். பிந்திய மகள்களுக்குப் பெயர்கூடச் சொல்லப்படுகிறது: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். வீடு இடிந்து செத்த முதல் பத்துப் பேர் திரும்பி வரவில்லை, அவர்களின் பெயரும் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் டேட்டின் முடிவு மாதிரி இருக்கும் அந்த அதிகாரத்துக்குள்ளேயே பத்துக் கல்லறைகள் இருக்கின்றன.

அதைவிட முக்கியம், கடவுள் யார்மேல் கோபப்படுகிறார் என்பது. கேள்வி கேட்டுக் கத்திய யோபுமேல் இல்லை. நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய், கடவுள் அநியாயம் செய்ய மாட்டார் என்று கடவுளுக்காக வாதாடிய நண்பர்கள்மேல். யோபுவைப்போல நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். அந்த நண்பர்கள் சரியாகச் செய்தது ஒன்று உண்டு: வந்த உடனே ஏழு பகல், ஏழு இரவு ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். தகப்பனின் குருட்டுக்குக் காரணம் கண்டுபிடித்த எட்கரை எங்கே வைப்பது என்று இப்போது புரிகிறது. கவிதை நீதி கேட்ட விமர்சகர்களையும் அங்கேதான் வைக்க வேண்டியிருக்கிறது.

வேண்டுதலுக்கு முன் நடந்தது

கார்டீலியா ஏன் செத்தாள் என்பதை நாடகத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். தேவர்கள் கைவிட்டார்கள் என்று சொல்வது எளிது. நடந்தது இது. போரில் தோற்று லியரும் கார்டீலியாவும் சிறைக்குப் போகிறார்கள். குளோஸ்டரின் தவறான உறவில் பிறந்த மகன் எட்மண்ட் இரகசியமாகக் கொலை ஆணை அனுப்புகிறான். பிறகு அண்ணன் எட்கரோடு நடந்த வாள் சண்டையில் அடிபட்டு விழுகிறான். அண்ணன் தன் கதையைச் சொல்கிறான். எட்மண்டின் மனம் இளகுகிறது, நீ சொல்வது என்னை அசைத்துவிட்டது, ஒருவேளை நல்லது நடக்கலாம், இன்னும் சொல் என்கிறான். எட்கர் இன்னும் சொல்கிறான். நேரம் போகிறது. கென்ட் பிரபு வந்து அரசரைக் காணோமே என்று கேட்ட பிறகுதான் ஆல்பனிக்கு உறைக்கிறது: எவ்வளவு பெரிய விஷயத்தை மறந்துவிட்டோம்! அதற்குப் பிறகும் அக்காமார்களின் பிணங்கள் வருகின்றன, அவற்றைப் பார்த்து நிற்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் எட்மண்ட் உண்மையைச் சொல்கிறான், ஆள் ஓடுகிறான், ஆல்பனி தேவர்களை அழைக்கிறான்.

அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். மறந்துவிட்டார்கள். கதை கேட்டுக்கொண்டு நின்றுவிட்டார்கள். மேடையைப் பார்த்துக்கொண்டிருந்த நாமும்தான் எட்கரின் கதையில் மூழ்கி அவளை மறந்திருந்தோம். டேட் முடிவை மாற்றியபோது இந்த மறதியின் கனமும் சேர்ந்து போயிற்று. சரியான நேரத்தில் எட்கர் வந்துவிடுகிற உலகத்தில் யாரும் தாமதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

புயல் இரவில், ஒரு குடிசை வாசலில், லியர் கோமாளியை முதலில் உள்ளே போகச் சொல்லிவிட்டுப் பிரார்த்தனை செய்யப்போகிறேன் என்கிறான். செய்வது பிரார்த்தனைபோலவே இல்லை. இப்படி ஒரு இரவில் வீடில்லாமல், கிழிந்த துணியோடு இருக்கும் ஏழைகளை அழைத்து, உங்களைப் பற்றி நான் எவ்வளவு குறைவாகக் கவலைப்பட்டேன் என்கிறான். செல்வம் படைத்தவனே, இவர்கள் படுவதை நீயும் பட்டுப் பார், மிஞ்சியதை இவர்களுக்கு உதறிக்கொடு, வானத்தின் நீதி இன்னும் நன்றாகத் தெரியும்படி செய் என்கிறான். ரைமரும் டேட்டும் கவிஞனிடம் கேட்டதை லியர் தன்னைப் போன்றவர்களிடம் கேட்கிறான். வானத்தின் நீதியைக் காட்டும் வேலையை அவன் முடிவுக்காட்சிக்கு விட்டு வைக்கவில்லை. என் பார்வையில் நாடகத்தின் நம்பிக்கை இங்கே இருக்கிறது, கதறலுக்கு ரொம்ப முன்னால்.

இன்னும் சிறிய ஓர் இடம். குளோஸ்டரின் கண்களை ரீகனின் கணவன் கார்ன்வால் பிடுங்கும்போது, அவனுடைய வேலைக்காரன் ஒருவன், சிறுவயது முதல் அவனிடம் ஊழியம் செய்தவன், நிறுத்துங்கள் என்று வாளை உருவுகிறான். கார்ன்வாலுக்கு மரணக்காயம், வேலைக்காரனும் சாகிறான். அவனுக்குப் பெயர் இல்லை. 1608 பதிப்பில் அதன்பின் இன்னும் இரண்டு வேலைக்காரர்கள் பேசுகிறார்கள். ஒருவன், இரத்தம் வழியும் முகத்தில் வைக்க நாரும் முட்டை வெள்ளைக்கருவும் கொண்டு வருகிறேன் என்கிறான். கூடவே, வானம் இவருக்கு உதவட்டும் என்கிறான். இந்த நாடகத்தில் எனக்கு மிகப் பிடித்த வேண்டுதல் அது. முட்டையை எடுக்கப் போகிற கால்களோடு சேர்ந்து வருகிறது.

1962இல் பீட்டர் புரூக் தன் புகழ்பெற்ற தயாரிப்பில் இந்த இரண்டு வேலைக்காரர்களின் உதவியை வெட்டிவிட்டார். 1623 பதிப்பிலும் அந்த வரிகள் இல்லைதான். ஆனால் புரூக் வெட்டியது, பார்வையாளர்களுக்கு ஆறுதல் எதுவும் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக. டேட்டுக்குச் சாவு தாங்கவில்லை, இருபதாம் நூற்றாண்டுக்காரருக்கு வெள்ளைக்கரு தாங்கவில்லை. இரண்டு பக்கமும் நாடகத்தை ஒரே நிறமாக்கப் பார்த்தார்கள்.

திரும்பி வந்த விதம்

மீட்பு ஒரே நாளில் நடக்கவில்லை. நடிகர் டேவிட் கேரிக் 1756இல் ஷேக்ஸ்பியரின் வரிகள் பலவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார், முடிவைத் தொடவில்லை. 1768இல் ஜார்ஜ் கோல்மன் காதல் கதையை நீக்கினார், அவரும் முடிவைத் தொடவில்லை. 1811இல் கட்டுரையாளர் சார்ல்ஸ் லேம்ப், உயிரோடு தோலுரிக்கப்பட்டவனுக்கு மறுபடி பொன்னாடையும் செங்கோலும் கொடுத்தால் ஆறிவிடுமா என்று கேட்டார். அந்தக் கேள்வி அச்சில்தான் இருக்க முடிந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநிலை பாதிக்கப்பட்டிருந்ததால், அவர் 1820இல் இறக்கும்வரை லியர் லண்டன் மேடையேறவே இல்லை. 1823 பிப்ரவரியில் எட்மண்ட் கீன் துணிந்து சாவு முடிவை நடித்தார். மக்கள் ஏற்கவில்லை, சில இரவுகளிலேயே டேட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1838 ஜனவரி 25 அன்று கோவென்ட் கார்டன் அரங்கில் நடிகர் மெக்ரெடி, சுருக்கப்பட்டாலும் ஷேக்ஸ்பியருடையதேயான லியரை நடித்தார். கோமாளியும் திரும்பி வந்தான், பிரிசில்லா ஹார்ட்டன் என்ற இளம் நடிகையின் உருவில்.

அன்று முதல் அந்தக் கடைசிக் காட்சி மறுபடி மேடையில் இருக்கிறது. நாய்க்கும் குதிரைக்கும் எலிக்கும் உயிர் இருக்கிறதே, உனக்கு ஏன் மூச்சே இல்லை என்று லியர் கேட்கிறான். யாரும் பதில் சொல்வதில்லை. இனி வரமாட்டாய் என்கிறான், 1623 பதிப்பில் ஒரே சொல்லை ஐந்து முறை திருப்பிச் சொல்லி. புயலில் தன் ஆடைகளைக் கிழித்துக்கொண்டபோது, இங்கே பொத்தானைக் கழற்று என்று கட்டளையிட்டவன் அவன். இப்போதும் ஒரு பொத்தான். தயவுசெய்து இதைக் கழற்றிவிடுங்கள் என்கிறான். யாரோ ஒருவர் குனிந்து கழற்றுகிறார். “நன்றி ஐயா” என்கிறான்.